கேரவனுக்கு வயரிங், சோலார்: இரவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் வெயில் ஏறும் வரை, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டுவண்டியான கேரவனுக்குள் என்னென்ன ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், இதுதான் முதல் கேள்வி. இந்தக் கணக்கு கையில் இருந்தால் பேட்டரி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பேட்டரி தெரிந்தால் பேனல், அதற்குப் பிறகு பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், வயர், ஃபியூஸ். பேனலை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப ஒட்டுப்போட்ட கேரவன்கள்தான் என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த்துக்காரன். சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அக்கா மகன் ஒரு பழைய ஜர்கன்ஸ் கேரவன் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறான். உள்ளே பாதி வயர் எலி கடித்தது, மீதி யாரோ எப்போதோ டேப் சுற்றிவிட்டுப் போனது. "மாமா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்றான். அவனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையே இங்கே விரித்து எழுதுகிறேன். உங்கள் கேரவனுக்கு எண்கள் மாறும். முறை மாறாது.

இரவுக் கணக்கு

அவன் வீட்டில் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அக்கா. அக்காவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதனால் இந்தக் கேரவனில் ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் நிற்கவே கூடாது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்: மூச்சுக்கான மெஷின், கைக்குழந்தையின் பால், எதுவோ ஒன்று. அதை முதலில் எழுதுங்கள்.

12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் ஒரு நாளில் பாதி நேரம் ஓடும் என்று வையுங்கள்: 12 மணி நேரம், 48 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது). குளிர்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 32 ஏ.எச். எல்.இ.டி. விளக்கு நான்கு, ஒவ்வொன்றும் 3 வாட், நான்கு மணி நேரம்: 48 வாட்-அவர், 12 வோல்ட்டால் வகுத்தால் 4 ஏ.எச். தண்ணீர் மோட்டார் 5 ஆம்பியர் இழுத்தாலும் நாளெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும், 1 ஏ.எச். ஃபோன்களுக்கும் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் 5. ஃபேன் ஒன்றரை ஆம்பியரில் இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓடினால் 12.

இரவோடு பகலையும் சேர்த்துக் கூட்டினால் கோடையில் ஒரு நாளுக்கு 70 ஏ.எச். வயரில் போகும் நஷ்டத்துக்கும் நாம் மறந்ததற்கும் பதினைந்து சதவீதம் சேர்த்து 80 என்று வைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜும் குறைவாக ஓடும். 42, அதோடு கொஞ்சம் சேர்த்தால் 48.

பழைய கேரவன்களில் கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ் இருக்கும். அதை 12 வோல்ட்டில் போட்டால் 8, 10 ஆம்பியர் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கார் ஓடும்போது காரிலிருந்து எடுப்பதற்காக வைத்த வழி அது. சோலாரை நம்பி அதை ஓட்டாதீர்கள். நிறுத்திய இடத்தில் கேஸில் ஓட்டுங்கள், இல்லையென்றால் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜுக்கு மாறுங்கள். அக்காவின் இன்சுலினுக்காக நாங்கள் மாற்றினோம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் கேரவன் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. கம்ப்ரெசருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கெட்டில், ஹேர் டிரையர், ஹீட்டர் போன்ற சூடு உண்டாக்கும் சாமான் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2000 வாட் கெட்டில் ஒன்று இன்வெர்ட்டர் வழியாக ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டீக்கும் பிரியாணிக்கும் கேஸ் அடுப்பு இருக்கிறது.

பேட்டரி

மழை மூடிக்கொண்டால் பேனல் பெரிதாக ஒன்றும் தராது. டர்பன் பக்கம் கோடைதான் மழைக்காலம், இரண்டு நாள் தொடர்ந்து மூடுவது சகஜம். ஆகவே இரண்டு நாளுக்கு 160 ஏ.எச். வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம், எனவே 200 ஏ.எச். போதும். லெட்-ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். அதே வேலைக்கு 320 ஏ.எச்., அதாவது நூறு சொச்சத்தில் மூன்று பேட்டரி. மூன்றும் சேர்ந்து எண்பது கிலோவைத் தாண்டும். 200 ஏ.எச். லித்தியம் இருபத்தைந்து கிலோ அளவில் முடிந்துவிடும். இழுத்துக்கொண்டு போகிற வண்டியில் அறுபது கிலோ சாதாரண வித்தியாசமில்லை. வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் காரின் எஞ்சினே அதைச் சொல்லும்.

லித்தியத்தை எங்கே வைப்பது என்பதை மிகக் கவனமாக முடிவு செய்யுங்கள். சுழியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். ஜூலை இங்கே குளிர்காலம், அப்போது பள்ளி விடுமுறையில் டிரேக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் வந்ததும் பேனல் சார்ஜ் அனுப்பத் தொடங்கும், பேட்டரியோ இன்னும் உறைந்து கிடக்கும். கேரவனின் முன்மூக்குப் பெட்டியில் பேட்டரியை வைத்தால் இந்த ஆபத்து வரும். படுக்கைக்குக் கீழே, ஆட்கள் மூச்சுக்காற்றில் சூடாக இருக்கும் பக்கம், அச்சுக்கு அருகில் வைத்தால் குளிருக்கும் நல்லது, எடைச் சமநிலைக்கும் நல்லது. வாங்கும்போதே குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு அதன் பி.எம்.எஸ்.ஸில் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேளுங்கள். "பி.எம்.எஸ். இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்வது போதாது, குளிருக்கான வெட்டு இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

லெட்-ஆசிட்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது ஹைட்ரஜன் விடும். ஹைட்ரஜன் மேலே ஏறும், ஆகவே பெட்டிக்கு மேல்பக்கம் வெளியே போகும் வழி வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். அதற்குத் தரையில் வழி வேண்டும். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் பேட்டரியோ ஃபியூஸோ சுவிட்சோ எதுவும் வரக் கூடாது.

இந்த நாட்டில் 2008 முதல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) பழகி, முக்கியமாக 2023-க்குப் பிறகு, பல வீடுகளில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் நிற்கிறது. "அதையே கேரவனில் மாட்டலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த இன்வெர்ட்டர் பெரும்பாலும் 48 வோல்ட். எதுவும் ஓடாதபோதே தனக்காக 50 வாட் அளவுக்குத் தின்னும். நாள் முழுக்க விட்டால் 1200 வாட்-அவர். அக்கா மகன் குடும்பம் கோடையில் ஒரு நாள் செலவழிப்பதே சுமார் 1000 வாட்-அவர்தான்.

பேனல்

80 ஏ.எச்.ஸை 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 1024 வாட்-அவர். இதைப் பகலில் திரும்பப் போட வேண்டும். கூரையில் மல்லாக்கக் கிடக்கும் பேனலுக்கு டர்பன் கோடையில் சராசரி நாளுக்கு ஐந்து மணி நேர முழுவெயில் கிடைக்கும் என்று வையுங்கள். சூடு, தூசி, கன்ட்ரோலர் நஷ்டம் எல்லாம் போக எழுபது சதவீதம் கைக்கு வரும். 350 வாட் போட்டால் 350 × 5 × 0.7 = 1225. போதும். குளிர்காலத்தில் வெயில் தெளிவாக இருந்தாலும் தாழ்வாக வரும். ஜூன் மாத நண்பகலில் டர்பனில் சூரியன் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மல்லாந்த பேனலுக்கு மூன்று மணி நேர முழுவெயில் என்று வைத்தால் 735 வாட்-அவர். குளிர்காலத் தேவை 48 ஏ.எச்., 614 வாட்-அவர். அதுவும் சமாளிக்கும். இப்படித்தான் 175 வாட் பேனல் இரண்டு என்று முடிவுக்கு வந்தோம். வடகேப் பக்கம், கலஹாரி எல்லைக்குப் போனால் இதே பேனல் தேவைக்கு மேலேயே கொட்டும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது நிழல். ஸ்காட்பர்க், மார்கேட் போன்ற கடற்கரை ஊர்களில் கோடையில் கேரவனை மரத்தடியில்தான் நிறுத்துவோம், இல்லாவிட்டால் உள்ளே உட்கார முடியாது. ஒரு கிளையின் நிழல் பேனலின் மூலையில் விழுந்தாலே, தொடராக இணைந்த செல்கள் என்பதால், அந்தப் பேனலின் பெரும்பகுதி படுத்துவிடும். எனவே கூரைப் பேனலோடு, மடக்கி வைக்கும் 120 வாட் பேனல் ஒன்றும், வெயில் விழும் இடத்துக்கு இழுத்துப்போக நீளமான கேபிளும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கான பிளக்கைக் கேரவனின் வெளிச்சுவரில் இப்போதே வைத்துவிடுங்கள். பிறகு சுவரைத் துளைப்பது இரட்டை வேலை.

அந்தப் பேனலை நிமிர்த்தி வைக்கும்போது வடக்கு நோக்கி வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களில் தெற்கு என்று சொல்வார்கள். அங்கே அது சரி. நாம் தென்கோளத்தில் இருக்கிறோம், நமக்குச் சூரியன் வடக்கே. ஜூலையில் 50 டிகிரி அளவுக்கு நிமிர்த்தி வைத்தால் மல்லாந்து கிடப்பதைவிட நிறையவே கிடைக்கும்.

கூரையில் பேனலை ஒட்டிவைக்காமல் அடியில் காற்றுப் போக இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பேனல் சூடானால் உற்பத்தி குறையும். பழைய கேரவன் கூரையில் எங்கே மரச்சட்டம் ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் இல்லாத தகட்டில் திருகு பிடிக்காது. பாலியூரிதேன் பசையும் திருகும் சேர்ந்துதான் அதைப் பிடிக்க வேண்டும். வயர் உள்ளே இறங்கும் துளைக்கு, தண்ணீர் புகாமல் வயரை இறுக்கிப் பிடிக்கும் மூடியுள்ள கிளாண்டு, வாய் பின்பக்கம் பார்த்து. முன்பக்கம் பார்த்தால் ஓடும்போது மழையை உள்ளே வாரி அடிக்கும்.

கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகை, பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தைப் பிழிந்தெடுப்பது. 350 வாட்டை 13.5 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர், எனவே 30 ஆம்பியர் கன்ட்ரோலர். மடக்குப் பேனலுக்குத் தனியாக ஒரு சிறிய கன்ட்ரோலர் வைப்பது நல்லது, ஒன்றின் நிழல் மற்றதைக் கெடுக்காது. வோல்ட்டேஜ் எல்லையையும் பாருங்கள். 36 செல் பேனல் ஒன்று திறந்த நிலையில் சுமார் 22, 23 வோல்ட் தரும். இரண்டைத் தொடராக இணைத்தால் 46. பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதம் அளவுக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண் 25 டிகிரிக்கானது. டிரேக்கன்ஸ்பெர்க்கில் மைனஸ் 5-இல் விடியும் காலையில் 46 என்பது 50-ஐத் தொடும். 50 வோல்ட் எல்லையுள்ள கன்ட்ரோலர் அந்தக் காலையில் கருகலாம். 75 அல்லது 100 வோல்ட் எல்லையுள்ளது வாங்குங்கள்.

காரிலிருந்து சார்ஜ்

மழைநாளுக்கு இது பெரிய துணை. கார் மின்சாரத்தைக் கேரவன் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டேஜாக மாற்றும் டி.சி-டி.சி. சார்ஜர் 25 ஆம்பியர் என்றால் மூன்று மணி நேர ஓட்டத்தில் 75 ஏ.எச். ஏறும், கிட்டத்தட்ட ஒரு நாள் தேவை. புதிய கார்களின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது) தன் வோல்ட்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். நேராக வயர் இழுத்தால் லித்தியம் நிறையாது. சார்ஜரைக் கேரவனில், பேட்டரிக்கு அருகில் வையுங்கள். காரிலிருந்து வரும் வயருக்கு 7 பின் டிரெய்லர் பிளக்கை நம்பாதீர்கள், அதன் பின்னும் வயரும் இந்த மின்னோட்டத்துக்குப் போதாது. தனியாக ஒரு ஆண்டர்சன் பிளக் (அதிக ஆம்பியர் தாங்கும் பெரிய பிளக்), 16 ஸ்கொயர் எம்.எம். கேபிள், காரின் பேட்டரி முனையில் ஒரு ஃபியூஸ், கேரவன் பேட்டரி முனையில் இன்னொன்று.

வயரும் ஃபியூஸும்

இந்தப் பகுதியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கேரவன் என்பது மரச்சட்டம், ஃபோம், மெல்லிய பிளைவுட், துணித்திரை. ஒரு வயர் சுவருக்குள் சூடாகிப் பற்றினால் உள்ளே தூங்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும். நல்ல பேட்டரி ஒன்று ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் பாயும்.

ஃபியூஸ் காப்பது வயரை. ஃபிரிட்ஜுக்கு என்ன ஃபியூஸ் என்று கேட்காதீர்கள், ஃபிரிட்ஜுக்குப் போகும் வயர் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். அந்த அளவுக்குக் கீழே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸின் இடம் மின்சாரம் புறப்படும் முனை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முக்கிய ஃபியூஸ் வந்துவிட வேண்டும். முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் வயருக்கு எந்தக் காவலும் இல்லை. அதைக் குட்டையாக வையுங்கள், எதன் மீதும் உரசாமல் வையுங்கள். லித்தியத்துக்கு ‘கிளாஸ் T’ ஃபியூஸ் போன்று பெரிய ஷார்ட் மின்னோட்டத்தை அணைக்கக்கூடியது வேண்டும். கார் பாட்டுப்பெட்டிக் கடையில் கிடைக்கும் மலிவான கண்ணாடி ஃபியூஸ் அந்த வேலைக்கு உதவாது.

வயர் தடிமனுக்கு இன்னொரு காரணம் வோல்ட்டேஜ் இறக்கம். செம்பு வயரில் கணக்கு சுலபம்: 0.0175-ஐ போகவர மொத்த நீளத்தால் (மீட்டரில்) பெருக்கி, தடிமனால் (ஸ்கொயர் எம்.எம்.) வகுத்தால் ஓம் கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் இறக்கம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபிரிட்ஜ் 6 மீட்டர் தூரம், போகவர 12 மீட்டர், கம்ப்ரெசர் கிளம்பும்போது 5 ஆம்பியர் என்று வையுங்கள். 1.5 ஸ்கொயரில் 0.7 வோல்ட் போய்விடும். 2.5-இல் 0.42. 6 ஸ்கொயரில் 0.18 வோல்ட்டுக்குள் நிற்கும். இரவு பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது அந்த அரை வோல்ட்டுக்காகத்தான் ஃபிரிட்ஜ் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். "பேட்டரியில் பாதி இருக்கிறது, ஃபிரிட்ஜ் மட்டும் நிற்கிறது" என்று யார் வந்தாலும் நான் முதலில் வயரைத்தான் பார்ப்பேன். அக்காவின் இன்சுலினுக்காக ஃபிரிட்ஜுக்கு 6 ஸ்கொயர் தனி வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், அந்த லைனில் வேறு எதுவும் இல்லை.

விளக்குகளுக்கு 1.5 ஸ்கொயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் போதும். தண்ணீர் மோட்டாருக்கு 2.5 ஸ்கொயர், 10 ஆம்பியர். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 ஸ்கொயர், 40 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டு மீட்டருக்குள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு 16 ஸ்கொயர், 60 ஆம்பியர். லேப்டாப்புக்காக இன்வெர்ட்டர் வைத்தே தீர வேண்டும் என்றால் 300, 400 வாட் போதும். 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு 35 ஸ்கொயர் கேபிள் வேண்டும்.

நெகட்டிவுக்குக் கேரவனின் இரும்புச் சட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள். துருப்பிடித்த சட்டம் வயருக்கு ஈடாகாது. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு வயர் இழுத்து, நெகட்டிவ் எல்லாவற்றையும் ஒரு பஸ்பாரில் (பல வயர்களை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டை) சேருங்கள். அந்த பஸ்பாருக்கும் பேட்டரிக்கும் நடுவே, பேட்டரி மானிட்டருக்காக மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வரும். ஒரு நெகட்டிவ் வயரைக்கூட ஷன்ட்டைத் தாண்டி நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள், மாட்டினால் மானிட்டர் கணக்குத் தப்பும். லித்தியத்துக்கு மானிட்டர் அவசியம். பெரும்பாலான நேரம் அதன் வோல்ட்டேஜ் 13.2 பக்கமே நிற்கும், அதைப் பார்த்து எவ்வளவு மீதி என்று சொல்லவே முடியாது.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பற்றவைத்த இடத்தில் வயர் விறைத்துப்போகும், சரளைச் சாலையின் அதிர்வில் அதற்குப் பக்கத்தில் முறியும். அளவுக்கேற்ற லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), அதை வயரோடு நசுக்கிப் பிடிக்க ராட்செட் கிரிம்பிங் கருவி, மேலே சுருங்கும் டியூப். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். வயரை ஒரு முழத்துக்கு ஒருமுறை கிளிப் அடித்துப் பிடியுங்கள். தொங்கும் வயர் ஓடும் வண்டியில் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

230 வோல்ட்

முகாம் இடங்களில் பிளக் போட்டு எடுக்கும் மின்சாரம் இது. இதற்கான வயரிங்கை நீங்களே செய்யாதீர்கள். திட்டம் போடுங்கள், சாமான் இருக்குமிடம் முடிவு செய்யுங்கள், குழாயும் பெட்டியும் வைத்துக் கொடுங்கள். இணைப்பதும் சோதிப்பதும் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை. இந்த நாட்டின் வயரிங் விதி சான்ஸ் (SANS) 10142-1. அவர் அதைப் பார்த்துச் செய்வார். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிச்சுவரில் 16 ஆம்பியர் நீல பிளக். உள்ளே நுழைந்ததும் முதலில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச்), பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவது. முகாமில் வரும் சப்ளையில் இரண்டும் மாறியிருக்க வாய்ப்புண்டு, ஒன்றை மட்டும் வெட்டினால் பாதுகாப்பில்லை. கேரவனின் சட்டமும் அலுமினியத் தோலும் எர்த்தோடு சேர வேண்டும். இன்வெர்ட்டரும் முகாம் சப்ளையும் ஒரே பிளக் பாயின்ட்டுக்கு வருவதாக இருந்தால் நடுவே மாற்று சுவிட்ச் வேண்டும், இரண்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. சிறிய இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதக்கும், அந்த நிலையில் எர்த் லீக்கேஜ் நினைத்தபடி வேலை செய்யாது. இதை எப்படிச் சரிசெய்திருக்கிறார் என்று எலெக்ட்ரீஷியனிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வயர் நிறத்தில் இந்த நாட்டில் ஒரு பொல்லாத பொருத்தம் இருக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குள் 230 வோல்ட் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு. 12 வோல்ட்டிலும் பாசிட்டிவ் சிவப்பு, நெகட்டிவ் கறுப்பு. பிற்பாடு ஒருவர் பலகையைத் திறந்து சிவப்பு வயரைப் பார்த்து "இது வெறும் பன்னிரண்டு வோல்ட்தான்" என்று கை வைத்தால் உயிர் போகும். கேரவனில் 230 வோல்ட்டுக்கு பழுப்பும் நீலமும் உள்ள உறையிட்ட கேபிளை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனிக் குழாயில், கேரவனின் தனித்தனிப் பக்கங்களில் ஓடட்டும். ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் வோல்ட்டேஜ் எழுதி ஒட்டுங்கள்.

வெளியே நீட்டும் கேபிளைச் சுருளோடு விட்டு ஹீட்டர் போடாதீர்கள். சுருள் சூடாகி உறை உருகும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.

தாளில் முதலில், சுவரில் பிறகு

கேரவனின் தரைப்படத்தை அளவெடுத்து வரையுங்கள், 1 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால் பெரிய அட்டையில் அழகாக அடங்கும். அதில் இரவில் யார் எங்கே படுப்பார்கள் என்று முதலில் எழுதுங்கள். விளக்கு சுவிட்ச், ஃபோன் சார்ஜ் முனை, ஃபேன் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் வரும். அக்காவுக்கு இருட்டில் எழுந்து கழிப்பறைக்குப் போக, படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் ஒரு மங்கல் விளக்கு சுவிட்ச் வைத்தோம். கடையில் விற்கும் எந்த வயரிங் செட்டிலும் அது இருக்காது. பிறகு பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, அங்கிருந்து ஒவ்வொரு வயர் போகும் வழி, அதன் நீளம், தடிமன், ஃபியூஸ் அளவு. சுவர்ப்பலகையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அளவுநாடா தெரிய ஃபோட்டோ எடுத்துவையுங்கள். நாளை ஒரு அலமாரி மாட்டத் துளைக்கும்போது அந்த ஃபோட்டோ உதவும்.

இணைக்கும் வரிசை: முதலில் கன்ட்ரோலருக்குப் பேட்டரி, அதன் பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் பல கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும். வெயிலில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் பிளக்கைப் பிடுங்காதீர்கள், டி.சி. தீப்பொறி சுலபத்தில் அணையாது. போர்வையால் மூடிவிட்டு, நடுவே உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டு மீட்டரால் ஒவ்வொரு லைனிலும் ஷார்ட் இல்லை என்று பாருங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவில்லை என்று பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு ஃபியூஸ் மட்டும் போட்டு அதற்குரிய சாமானை ஓட்டுங்கள். எல்லாம் ஓடியதும், முக்கிய ஃபியூஸ், லக் முனைகள், பஸ்பார் எல்லாவற்றையும் முழுச்சுமையில் அரை மணி நேரம் கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த முறுக்கு தளர்ந்திருக்கிறது அல்லது அந்த கிரிம்ப் சரியில்லை.

ஈஸ்டர் விடுமுறை வரும்போது பலர் கேரவனை வெளியே எடுப்பார்கள். இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா முடிந்து கிளம்புகிற குடும்பங்களும் உண்டு. முதல் பயணத்துக்கு நெடுந்தூரம் வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொன்னேன். முதலில் வீட்டு வாசலிலேயே முகாம் சப்ளை இல்லாமல் இரண்டு இரவு, ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்து. அது சரியென்றால் மிட்மார் அணை, டர்பனிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுதான், ஏதாவது என்றால் நான் வந்துவிடலாம். காலையில் மானிட்டரைப் பார்த்து எத்தனை ஏ.எச். செலவானது என்று தாளில் இருக்கும் 80-க்குப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தாளைவிட அதிகமாகச் செலவானால் எங்கே போகிறது என்று தேட வேண்டும், அதற்கு முன் இன்னொரு பேனல் வாங்கக் கூடாது.

திரும்பி வந்ததும் பேட்டரி முனை, பஸ்பார், ஃபியூஸ் பெட்டி மூன்றின் திருகுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதிய லக்குகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமர்ந்து தளரும். சரளைச் சாலையில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். உதிரி ஃபியூஸ் ஒவ்வொரு அளவிலும் இரண்டு, அந்த வரைபடத்தின் ஒரு நகல், எலெக்ட்ரீஷியன் கொடுத்த சோதனைத் தாள், மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.